ஈமான் குறைவா, நோயா?

சென்ற ஷஅபான் மாதம் நம் ஊர்க் கலியாண வீடொன்றில், சஹன் சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வலம்வரும் வேளையில், மதிப்புக்குரிய பெரியவர் ஒருவர் ஒரு தீர்ப்பு வழங்கினார். "ஈமான் பலமா இருந்தா இந்த நோவெல்லாம் எங்கேருந்து வருது? தொழுகையை விட்டா, வந்துச்சு. அம்புட்டுத்தான்." அருகிருந்தோர் தலையசைத்தனர். நாமும் அங்கிருந்தோம். சோறுண்ட வீட்டில் வாதாடுதல் அழகன்று என்று வாளாவிருந்துவிட்டோம். அன்று அடக்கிய சொல்லை இங்கே எழுதுகிறோம்.

தீர்ப்புக்கு ஆளானவள் நம் மக்தபில் ஓதிய பெண். ஒன்பதாம் வயதிலேயே குர்ஆன் ஷரீஃபை ஓதி முடித்தவள்; மத்திலும் கல்கலாவிலும் பிழை காண முடியாத நாவு. இன்று இருபத்தேழு வயது. கணவர் வளைகுடாவில். இரண்டாம் பிள்ளை பிறந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. பிள்ளை பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்தே அவளுக்கு உறக்கமில்லை. பிள்ளை உறங்கும்போதும் இவள் விழித்தே கிடந்தாள். ஆணத்தில் உப்பு இருந்தாலும் தெரியவில்லை, இல்லாவிட்டாலும் தெரியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தபடி, "இந்தப் பிள்ளையை லாத்தாகிட்டே கொடுத்திடுங்க மாமி, என் கை பட்டா வெளங்காது" என்று சொல்லியிருக்கிறாள். மாமியார் கொடுமைக்காரி அல்லர். மூன்று ஊர்களுக்கு அழைத்துப் போய் ஓதிப் பார்த்தார், தண்ணீர் வாங்கிக் கொடுத்தார், கயிறு கட்டினார். மருத்துவரிடம் மட்டும் போகவில்லை. போனால் பைத்தியம் என்ற பெயர் வந்துவிடும். வீட்டில் இளைய மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

பெரியவரின் தீர்ப்பை அதன் சொற்களாலேயே சோதித்துப் பார்ப்போம். தொழுகையை விட்டதால் நோய் வந்தது என்கிறார். நோய் தொடங்கியது எப்போது? பிள்ளைப் பேற்றின் இரண்டாம் வாரத்தில். அது நிஃபாஸுடைய காலம். அக்காலத்தில் அவள் தொழக் கூடாது என்று விலக்கி வைத்திருப்பது ஷரீஅத்தே அன்றோ? விலக்கப்பட்ட நாளில் தொழவில்லை என்பதைக் குற்றமாக்கி, அக்குற்றத்தை நோய்க்குக் காரணமாக்கிய ஃபிக்ஹு எந்த மத்ஹபில் உள்ளது என்று பெரியவரிடம் கேட்க வேண்டும். நாற்பது நாள் கழித்தும் அவள் தொழுகை விரிப்புக்கு வரவில்லை என்பது மெய். எழுந்து முகம் கழுவவும் திராணியற்றவள் எவ்வாறு வருவாள்? நோயின் விளைவைப் பிடித்து நோயின் காரணம் என்று பெயரிட்டுவிட்டார். ஓட்டின் வழியே மழைநீர் ஒழுகுவதைக் கண்டு, வீட்டில் நனைந்த பாய்தான் மழையை அழைத்து வந்தது என்பதற்கும் இதற்கும் வேறுபாடு காணோம்.

இது ஒரு பெரியவரின் தனிப் பிழை என்றால் நாம் பேனா எடுத்திருக்கமாட்டோம். வியப்பு எங்கே வருகிறதென்றால், இவ்வாறு பேசுவோருள் பலர் மத்ரஸாவில் நம்மோடு ஒரே பாயில் அமர்ந்து ஹதீஸ் கலை பயின்றவர்கள். அங்கே ஓர் அறிவிப்பு வந்தால் உஸ்தாத் உடனே ஏற்க விடமாட்டார். சொன்னவர் யார்? யாரிடம் கேட்டார்? அவரை இவர் சந்தித்ததுண்டா? நினைவாற்றல் எத்தகையது? வேறு வழியிலும் இச்செய்தி வந்துள்ளதா? இத்தனையும் கேட்ட பிறகே ஸஹீஹ் என்றோ ளஈஃப் என்றோ வாய் திறப்பார். ஏழாண்டு இப்பயிற்சி பெற்றவர், ஒரு பெண்ணின் உள்ளம் நோயுற்றது என்றவுடன் சந்தியில் கேட்ட சொல்லை ஸனதே இல்லாமல் நம்பி அதன்மேல் ஃபத்வாவும் கொடுக்கிறார்.

பிறழ்நிலை உளவியல் என்ற துறையைக் கற்றோர் இந்தக் கேள்விகளையே வேறு பெயர்களில் கேட்கிறார்கள். ஒருவரது வரலாற்றை மட்டும் வைத்துப் பேசினால் அது தனி நோயாளி ஆய்வு. கருத்துத் தோன்ற உதவும், கருத்தை நிறுவ உதவாது. இரண்டு நிலைகள் சேர்ந்தே காணப்படுவதைக் கணக்கிட்டால் அது ஒட்டுறவு ஆய்வு; எது முந்தியது, எது பிந்தியது என்பதை அது தானே சொல்லிவிடாது. எது முந்தியது என்றறிய, ஒரே மனிதர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒரு சிகிச்சை பயன் தருகிறதா என்றறிய, நோயாளிகளைக் குலுக்கல் போட்டு இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அதைக் கொடுத்து, மறு பிரிவுக்குக் கொடாமல், யார் எப்பிரிவினர் என்று அறியாத ஒருவரைக் கொண்டு பயனை அளக்கச் செய்ய வேண்டும்.

ஈமானுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள உறவையே அளந்து பார்த்தவர்களும் உண்டு. சமயப் பற்றையும் மனச்சோர்வையும் ஒப்பிட்ட 147 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட கட்டுரை ஒன்று 2003இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பற்று மிக மனச்சோர்வின் அறிகுறிகள் சற்றுக் குறைகின்றன என்று அது கண்டது. நம்மவர் மகிழலாம். ஆயினும் எவ்வளவு குறைகின்றன? முழுப் பொருத்தம் 1 என்று கொண்டால் கிடைத்த எண் 0.096. மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அந்த எண் விளக்காது. எஞ்சிய தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு இந்த ஒன்றுக்கும் குறைவானதை வைத்தா ஒரு பெண்ணுக்குத் தீர்ப்பெழுதுவது? மேலும், அமெரிக்கச் செவிலியர் பல்லாயிரவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியான ஆய்வு, இரு திசையிலும் நடப்பு உண்டு என்று காட்டிற்று. வழிபாட்டுக்குச் செல்வோரிடம் மனச்சோர்வு பிறகு குறைவாகக் காணப்பட்டது. மனச்சோர்வுற்றோர் பிறகு வழிபாட்டுக்குச் செல்வது குறைந்தது. நாம் மாமியாரிடம் கேட்டறிந்த வரிசை இந்த இரண்டாவது.

மேல்நாட்டார் கணக்கு நமக்கெதற்கு என்பாரும் உளர். அவர்களுக்கு நம் வீட்டுப் பேழையையே திறந்து காட்டுவோம். பல்க் நகரத்து அபூஸைத் அல்பல்கீ கி.பி. 934இல் மறைந்தவர். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்று அவர் இயற்றிய நூல் உடல் நலத்துக்கும் உள்ள நலத்துக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கியது. துயரத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, இழப்பு முதலிய அறிந்த காரணத்தால் வருவது. மற்றொன்று, காரணம் இன்னதென்று சொல்ல முடியாமல் வந்து மனிதனைச் செயலற்றவனாக்குவது. முன்னதற்குச் சிந்தனையாலும் நல்லோர் பேச்சாலும் சிகிச்சை. பின்னதன் வேர் உடலில் இருக்கிறது, ஆகவே உடலுக்கும் மருந்து வேண்டும் என்றார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முஸ்லிம் அறிஞர் செய்த பாகுபாட்டை இன்று நம் கலியாணப் பந்தியில் செய்யத் தெரியவில்லை. கைரவானில் வாழ்ந்த மருத்துவர் இஸ்ஹாக் இப்னு இம்ரான் 'மாலிகூலியா' எனும் நோய்க்கென்றே தனி நூல் செய்தார். அருமை மகவை இழந்தோருக்கும், ஈடு செய்ய இயலாத நூலகத்தை இழந்த அறிஞருக்கும் இந்நோய் வரக்கூடும் என்று அதில் காரணங்களை அடுக்குகிறார். கிதாபுக் கூடம் அழிந்தால் ஆலிமுக்கு நோய் வரும் என்று எழுதிய அந்த மனிதரை நாம் பெரிதும் நேசிக்கிறோம். அவர்கள் கூறிய கரும்பித்தம் இன்று நிலைக்கவில்லை. ஆனால் நோயாளியை நோயாளி என்றே அழைத்தார்கள். பாவி என்று அழைக்கவில்லை.

யூஸுஃப் நபியைப் பிரிந்த துயரால் யஅகூப் (அலை) அவர்களின் கண்கள் ஒளி இழந்ததை ஓதாத பிள்ளை உண்டா? அத்துயரும் நாம் பேசும் நோயும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. துயரம் மிகுந்ததைக் கொண்டு ஈமானை அளப்பவர், அந்த அளவுகோலை எங்கே கொண்டுபோய் வைக்கிறார் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கட்டும்.

இனி மறுபக்கத்தாரிடமும் ஒரு சொல். நம் இளைஞர் சிலர், "மாமா, இது மூளையில் செரடோனின் குறைந்ததால் வருவது, அறிவியல் முடிந்த முடிவாகச் சொல்லிவிட்டது" என்று கைப்பேசியை நீட்டுகிறார்கள். இவர்களும் ஸனது கேட்பதில்லை. அக்கருத்து பிறந்த கதை இது. 1950களின் தொடக்கத்தில் காசநோய்க்கெனக் கொடுக்கப்பட்ட இப்ரோனியாசிட் என்ற மருந்து, நோயாளிகளின் மனநிலையை உயர்த்தக் கண்டனர். அதே பத்தாண்டில் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன், மனச்சிதைவுக்கு உதவுமோ என்று பார்த்த இமிப்ரமின், மனச்சோர்வுக்கு உதவக் கண்டார். இரண்டும் தற்செயல். மருந்து எந்த ரசாயனத்தைத் தொடுகிறதோ அதன் குறைவே நோய் என்று பின்னர் ஊகித்தனர். 1965இல் ஷில்ட்க்ராட் இத்தகைய கருதுகோளொன்றை முறையாக எழுதினார். கஷாயம் குடித்துச் சளி இறங்கினால், உடம்பில் கஷாயம் குறைந்ததால்தான் சளி பிடித்தது என்று சொல்வோமா? செரடோனின் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த மான்க்ரீஃப் குழுவினர், குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்று 2022இல் எழுதினர். ஆனால் இதைக் கொண்டு மருந்தே வீண் என்று துள்ள வேண்டா. 522 சோதனைகளையும் 1,16,477 பேரையும் உள்ளடக்கி 2018இல் வெளிவந்த தொகுப்பாய்வில், வளர்ந்தோருக்கான 21 மருந்துகளும் மருந்துப்போலியைவிட மேலான பயன் தந்தன. மேன்மை பெரிதன்று, இல்லாமலும் இல்லை. மருந்து வேலை செய்வது ஒரு செய்தி. ஏன் வேலை செய்கிறது என்பது வேறொரு செய்தி. முதலாவதன் ஸனது வலுவானது. இரண்டாவதன் ஸனது இன்னும் அறுந்து கிடக்கிறது.

மற்றக் கோட்பாடுகளையும் இப்படித்தான் நிறுக்க வேண்டும். ஃப்ராய்ட் 1917இல் துயரத்தையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில், இழந்தவர்மீது எழும் சினம் தன்மீதே திரும்புவதே மனச்சோர்வு என்ற கருத்துப்பட வாதித்தார். அவர் கையில் இருந்தது சிலரது வரலாறு. ஃபிலடெல்ஃபியாவின் ஆரோன் பெக் அதை மெய்ப்பிக்கவே நோயாளிகளின் கனவுகளை ஆராயப் புகுந்தார். கனவுகளில் சினத்தைக் காணவில்லை; தோல்வியும் இழப்பும் கண்டார். தாம் நிறுவ வந்ததைத் தாமே விட்டுவிட்டு, தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் வருங்காலத்தைப் பற்றியும் இருண்ட எண்ணங்கள் வேரூன்றுவதே நோயின் மையம் என்ற முடிவுக்கு வந்தார். "என் கை பட்டா வெளங்காது" என்ற நம் மாணவியின் சொல்லில் அம்மூன்றும் அடங்கியிருப்பதைக் காண்க. செலிக்மனும் மையரும் 1967இல் நாய்களை வைத்துச் சோதனை செய்து, தப்ப இயலாத வேதனைக்கு ஆளான பிராணி, பின்பு தப்ப வழியிருந்தும் முயலாமல் கிடக்கக் கற்றுக்கொள்கிறது என்றனர். ஏறத்தாழ ஐம்பதாண்டு கழித்து, 2016இல், அவர்களே தம் கருத்தைத் திருப்பி எழுதினர்: செயலற்றுக் கிடத்தல் கற்றதன்று, இயல்பிலேயே வருவது, கற்க வேண்டியது நம்மால் இயலும் என்ற அறிவையே. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் இராக் காலத்துப் பழைய சொல்லையும் எகிப்துக் காலத்துப் புதிய சொல்லையும் ஓதியவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது. சான்று மாறியபோது சொல்லை மாற்றிக்கொள்வோரை நாம் இமாம் என்றே அழைத்து வந்திருக்கிறோம்.

நம் குடும்பங்கள் தனித்து நினைக்க வேண்டிய ஆய்வு ஒன்றுண்டு. ஜார்ஜ் பிரௌன், டிரில் ஹாரிஸ் இருவரும் லண்டன் நகரின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை வீடு வீடாகக் கண்டு பேசி, 1978இல் நூலாக வெளியிட்டனர். பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தபோது நோயில் விழுந்தவர் யார், விழாதவர் யார் என்று பார்த்தனர். மனம் திறந்து பேச நெருங்கிய துணை இல்லாமை, வீட்டில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூவரோ அதற்கு மேலோ இருத்தல், வெளியே வேலை இல்லாமை, பதினொரு வயதுக்கு முன் தாயை இழந்தமை ஆகிய நான்கும் விழச் செய்தன. லண்டன் பெண்ணின் கதையை அப்படியே நம் தெருவுக்குப் பொருத்திவிடக் கூடாது. எனினும் முதலாவதை நம் தெருவில் வைத்து எண்ணிப் பார்க்கக் கூசுகிறது. கணவர் ஈராண்டுக்கு ஒருமுறை வருகிறார். இரவில் பத்து நிமிடம் கைப்பேசியில் பேசும்போது அருகே மாமியும் மதினியும் இருக்கிறார்கள். அவள் யாரிடம் மனம் திறப்பாள்?

"இன்ன இடத்துக்கு அழைத்துப் போனோம், தேறிவிட்டாள்" என்போரையும் நாம் பொய்யர் என்று சொல்லவில்லை. தேறியிருப்பாள். மனச்சோர்வு பலரிடம் வருவதும் விலகுவதுமாக இருக்கும் நோய். விலகும் வாரத்தில் யார் வாசலில் நின்றாளோ அவருக்கே பெருமை போகிறது. அழைத்துப் போகாமலே தேறியவர் எத்தனை பேர், அழைத்துப் போயும் தேறாதவர் எத்தனை பேர் என்று கேட்டால் கணக்கில்லை. ரய் நகரத்து அர்ராஸீ தம் 'ஹாவீ'யில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: மூளைக் காய்ச்சலின் முன்னறிகுறி கொண்டோரில் ஒரு பிரிவினருக்கு இரத்தம் வாங்கியதாகவும், மறு பிரிவினருக்கு வேண்டுமென்றே வாங்காது விட்டதாகவும், ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வருவதற்காகவே அவ்வாறு செய்ததாகவும். அந்தச் சிகிச்சை இன்று கைவிடப்பட்டது. அவர் குலுக்கலும் போடவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அவர் அறிந்திருந்தார்: கொடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அக்கேள்வியை முறையாகக் கேட்டு விடையும் பெற்ற ஆய்வொன்று, நம்மைப் போன்றே பாங்கொலி கேட்டு எழும் கிராமங்களில் நடந்தது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி நாட்டுப்புறத்தில் அதிஃப் ரஹ்மான் குழுவினர், பிள்ளைப் பேற்றின் கடைசி மாதங்களில் மனச்சோர்வுற்றிருந்த 903 தாய்மாரைச் சேர்த்தனர். நாற்பது ஊராட்சி வட்டங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில், ஊர்தோறும் செல்லும் அரசுச் சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குச் சில நாள் பயிற்சி அளித்தனர். பள்ளிப் படிப்பு முடித்த சாதாரணப் பெண்கள் அவர்கள். தாயின் இருண்ட எண்ணத்தை அவளோடு சேர்ந்து கண்டறிவது, அதற்கு மாற்றெண்ணம் தேடுவது, சிறு சிறு வேலைகளில் மீண்டும் இறங்க வைப்பது, குடும்பத்தாரையும் கூட்டாளிகளாக்குவது, இவ்வளவே பயிற்சி. மறு பாதியில் பயிற்சி பெறாத ஊழியர்கள் அதே எண்ணிக்கையில் வீடு தேடிச் சென்றனர். ஆள் வந்து போனதே ஆறுதல் தந்தது என்று பிறகு யாரும் சொல்ல முடியாதபடி அமைத்த ஏற்பாடு அது. அளந்தவர்களுக்கு எத்தாய் எப்பிரிவென்று தெரியாது. பேற்றுக்குப் பின் ஆறாம் மாதம் பார்த்தபோது, பயிற்சி பெற்றோர் சென்ற பிரிவில் நூற்றுக்கு 23 தாய்மாரிடம் நோய் எஞ்சியிருந்தது. மறு பிரிவில் 53 பேரிடம். 2008இல் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் இம்முடிவு வந்தது. குழந்தைகளின் எடையும் உயரமும் எதிர்பார்த்த அளவு வேறுபடவில்லை என்பதையும் அவர்களே மறைக்காமல் எழுதினர்.

இந்த இரண்டு எண்களையும் பெரியவர் முன் வைக்கிறோம். இரு பிரிவும் ஒரே நாட்டுப்புறம்; எத்தாய் எப்பக்கம் என்பதைத் தீர்மானித்தது குலுக்கல். ஈமான் குறைவுதான் காரணமென்றால், குலுக்கல் சீட்டு எப்பக்கம் விழுந்ததோ அப்பக்கத்துத் தாய்மாருக்கு மட்டும் ஈமான் வளர்ந்ததா?

துஆவை நாம் குறைத்துப் பேசவில்லை. நாமும் அப்பெண்ணுக்காகத் துஆ செய்கிறோம். நோய்க்கு மருந்து செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததையும் சேர்த்தே நினைக்கிறோம். குஜராத்தின் மீரா தாதார் தர்காவிலும், பின்னர் நம் ஏர்வாடியிலும், தர்கா வளாகத்துக்கே மனநல மருத்துவரை வரவழைத்து 'தவா–துஆ' என்று மருந்தையும் பிரார்த்தனையையும் ஒருங்கே அமைத்தார்கள். ஏர்வாடிக்கு அந்த ஏற்பாடு வருவதற்கு முன்பு என்ன நடந்தது என்பதை நாம் மறந்துவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியலில், தர்காவை அண்டித் தனியார் நடத்திய கீற்றுக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டோர் பெற்றோரும் உடன்பிறந்தாரும்தாம், பல சமயத்தார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்திருக்கிறது. நாவினால் இடும் சங்கிலியைத் தடுக்கச் சட்டம் ஏது?

பெரியவரைக் கடிந்துகொள்ளும் தகுதி நமக்கு முழுமையாக இல்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். இருபதாண்டுகளுக்கு முன்பு நம்மிடம் ஓத வந்த வெளியூர் மாணவர் ஒருவர், நன்றாக ஓதிக்கொண்டிருந்தவர், திடீரென்று ஃபஜ்ருக்கு எழுவதை நிறுத்தினார். கிதாபைத் திறக்காமல் மடியில் வைத்தபடி மணிக்கணக்காக அமர்ந்திருப்பார். முதலில் புத்தி சொன்னோம். பிறகு வகுப்பார் அனைவர் முன்பும், கல்பில் கறை படிந்தவனுக்கு இல்மு இறங்காது என்றோம். ஒரு வாரத்தில் தம் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பின் அவரைப் பற்றி நமக்குச் செய்தி எதுவும் எட்டவில்லை.

கலியாணத்துக்குப் பத்து நாள் கழித்து நாமும் நம் மனைவியும் அப்பெண்ணின் வீட்டுக்குச் சென்றோம். ராவல்பிண்டித் தாய்மாரின் கதையை நம் மனைவி மாமியாருக்குச் சொன்னார். மறு வாரம் இருவரும் அவளை அழைத்துக்கொண்டு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மாத்திரை கொடுத்தார்கள். ஆற்றுப்படுத்துநராக இருக்கும் ஒரு பெண் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவளோடு தனியே அமர்ந்து பேசுகிறார். இதை நாம் சான்றாகக் காட்டவில்லை. ஒருவர் கதை சான்றாகாது என்று மேலே எழுதியவர் நாம்தாமே. அவள் இன்னும் முழுமையாகத் தேறவும் இல்லை. சென்ற வாரம் நாம் போனபோது, ஆணத்தில் உப்பு கூடிவிட்டதென்று மாமியாரிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.